பழைய ஜீப் இன்ஜினை மலைப்பாதைக்குத் தயார் செய்வது எப்படி? 'பவர்' ஏத்தும் முன் இதைத் தெரிஞ்சுக்கோங்க!

கொழுக்குமலை சூரிய உதயத்தை ரீல்ஸில் ஒரு தடவையாவது பார்த்திருப்பீங்க. தேனி மாவட்டத்தில் இருக்கும் அந்த மலைக்கு, கேரளாவின் சூரியநெல்லியில் இருந்து விடிவதற்கு முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். பாறையும் பள்ளமுமான பாதை. முதல் கியரில் உறுமிக்கொண்டே ஏறும் பழைய மஹிந்திரா ஜீப்பைப் பார்த்துவிட்டு, 'நாமும் ஒண்ணு வாங்கி ரெடி பண்ணலாமே' என்று நினைப்பவர்கள் ஏராளம்.

அப்படி ஒரு பழைய 4x4 வண்டியை வாங்கிவிட்டால் அடுத்த கேள்வி இன்ஜின்தான். புகை தள்ளும், ஆயில் குடிக்கும், ஏற்றத்தில் மூச்சு வாங்கும். பட்டறைக்குப் போனால் பெரும்பாலும் ஒரே பதில் வரும்: "இன்ஜினை இறக்கி வேலை பாத்துடலாம் சார்... அப்படியே கொஞ்சம் பவரும் ஏத்திடலாம்."

இந்தப் பதிலின் முதல் பாதி சரி. இரண்டாவது பாதியில்தான் பலர் பணத்தை இழக்கிறார்கள், சிலர் நடுமலையில் நிற்கிறார்கள். ஆஃப்-ரோடு இன்ஜினுக்கு உண்மையில் என்ன தேவை? எங்கே செலவு செய்யணும், எங்கே கையை இறுக்கணும்? விரிவாகப் பார்க்கலாம்.

ஆஃப்-ரோடுக்கு எப்படிப்பட்ட இன்ஜின் வேணும்?

குதிரைத்திறன், டார்க் என்று இரண்டு வார்த்தைகளை அடிக்கடி கேட்டிருப்பீங்க. டார்க் என்பது கிராங்க் ஷாஃப்ட்டைத் திருப்பும் முறுக்குவிசை, அதாவது இழுவை. அந்த இழுவையை எவ்வளவு வேகமாகத் தர முடிகிறது என்பதுதான் குதிரைத்திறன். நெடுஞ்சாலையில் 100 கி.மீ. வேகத்தில் ஓவர்டேக் செய்ய குதிரைத்திறன் உதவும். பாறை மேல் ஒரு சக்கரத்தை மெதுவாக ஏற்றி வைக்க, 800 முதல் 2,000 ஆர்பிஎம்-க்குள் கிடைக்கும் டார்க்தான் உதவும்.

அந்தக் குறைந்த வேகத்திலும் பெரும் பங்கை கியர்கள் பார்த்துக்கொள்கின்றன. உதாரணத்துக்கு, இன்றைய ஜீப்புகளுக்கு மூதாதையான வில்லிஸ் சிஜே-3பி ஜீப்பை எடுத்துக்கொள்வோம். அதன் முதல் கியர் விகிதம் சுமார் 2.80. டிரான்ஸ்ஃபர் கேஸின் 'லோ' விகிதம் 2.46. ஆக்ஸில் விகிதம் 5.38. மூன்றையும் பெருக்கினால் சுமார் 37 வரும். அதாவது இன்ஜின் 37 சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். இன்ஜின் தரும் டார்க்கும் (உராய்வில் போவது போக) கிட்டத்தட்ட 37 மடங்காகச் சக்கரத்துக்குப் போகும். 800 ஆர்பிஎம்-இல் வண்டி மணிக்கு சுமார் 3 கி.மீ. வேகத்தில், ஆள் நடப்பதைவிட மெதுவாக ஊர்ந்து போகும்.

அதனால்தான் நல்ல நிலையில் இருக்கும் ஒரு சின்ன இன்ஜினே மலை ஏறிவிடுகிறது. இன்ஜினிடம் நாம் கேட்க வேண்டியது மூன்றே விஷயங்கள்: குறைந்த ஆர்பிஎம்-இல் நின்றுவிடக் கூடாது, சூடேறக் கூடாது, சாய்ந்தாலும் நனைந்தாலும் ஓடணும்.

பழைய வண்டிகளில் என்ன இன்ஜின் இருக்கும்?

மஹிந்திரா எம்எம் 540 ஜீப்பில் இருந்தது பியூஜோவின் எக்ஸ்டிபி 4.90 டீசல் இன்ஜின். 90 மி.மீ. போர், 83 மி.மீ. ஸ்ட்ரோக், மொத்தம் 2,112 சிசி. அதன் அண்ணன் எக்ஸ்டி3பி இன்ஜினில் 94 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 2,498 சிசி. மஹிந்திராவின் எம்டிஐ 3200 இன்ஜினில் 88.9 மி.மீ. போர், 101.6 மி.மீ. ஸ்ட்ரோக், 2,523 சிசி.

கடைசி இரண்டையும் கவனிங்க. சிசி ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் எம்டிஐ-யில் ஸ்ட்ரோக் நீளம். நீண்ட ஸ்ட்ரோக் கொண்ட இன்ஜினை அதிக ஆர்பிஎம்-க்கு விரட்டுவது கடினம், குறைந்த ஆர்பிஎம்-இல் நிதானமாக இழுக்கும்படிதான் அது வடிவமைக்கப்பட்டிருக்கும். ஆகவே அதை ரேஸ் வண்டி மாதிரி டியூன் செய்ய நினைப்பது, உழவு மாட்டை ரேக்ளாவில் பூட்டுவது போலத்தான்.

பெட்ரோல் பக்கம் மாருதி ஜிப்ஸி. 1985-இல் வந்த முதல் ஜிப்ஸியில் 970 சிசி எஃப்10ஏ இன்ஜின். பிறகு வந்த ஜிப்ஸி கிங்கில் 1,298 சிசி இன்ஜின். இதில் முதலில் கார்புரேட்டர், பின்னர் எம்பிஎஃப்ஐ.

இன்ஜினை இறக்கும் முன் என்ன செய்யணும்?

புகை வந்ததும் ஸ்பேனரைத் தூக்கிவிடக் கூடாது. புகையின் நிறமே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. வெள்ளை என்றால் எரியாத டீசல், அல்லது சிலிண்டருக்குள் கூலன்ட் கசிகிறது. கறுப்புப் புகைக்கு அடைத்துக்கொண்ட ஏர் ஃபில்டரும், ஒழுகும் நாசிலும்கூட காரணமாக இருக்கலாம். அதற்காக இன்ஜினை இறக்க வேண்டியதில்லை.

அடுத்தது கம்ப்ரஷன் டெஸ்ட். நான்கு சிலிண்டர்களின் அளவும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கணும். ஒன்று மட்டும் தனியாகக் குறைந்தால் காரணத்தைத் தேடணும்.

அதற்கு உதவுவது லீக்-டவுன் டெஸ்ட். பிஸ்டனை மேல் நிலையில் நிறுத்தி, சிலிண்டருக்குள் கம்ப்ரசர் காற்றைச் செலுத்தி, எங்கிருந்து 'உஸ்ஸ்' சத்தம் வருகிறது என்று காது கொடுத்துக் கேட்பதுதான் இது.

* ஆயில் ஊற்றும் வாயில் சத்தம் வந்தால்: ரிங் அல்லது லைனர் தேய்மானம்
* ஏர் ஃபில்டர் பக்கம் வந்தால்: இன்டேக் வால்வ்
* சைலன்சர் பக்கம் வந்தால்: எக்ஸாஸ்ட் வால்வ்
* ரேடியேட்டரில் குமிழி வந்தால்: ஹெட் கேஸ்கெட் அல்லது ஹெட்டில் விரிசல்

வால்வ் மட்டும்தான் பிரச்சனை என்றால் ஹெட் வேலையோடு முடிந்துவிடும். முழு ஓவர்ஹால் செலவு மிச்சம்.

பிரித்த பிறகு: கண்ணால் பார்த்துச் சொல்லாதீங்க, அளங்க!

ஒரு ரீபில்ட் நிலைக்குமா, சில மாதங்களில் மறுபடி புகை தள்ளுமா என்பது முடிவாகும் இடம் இதுதான். "லைனர் நல்லாத்தான் இருக்கு, ரிங் மட்டும் போட்டுக்கலாம்" என்று விரலால் தடவிப் பார்த்துச் சொன்னால் ஏத்துக்காதீங்க.

சிலிண்டர் ஒரே சீராகத் தேயாது. ரிங் மேலே வந்து திரும்பும் இடத்தில் அதிகமாகவும், கீழே குறைவாகவும் தேயும். அதனால் போர் கேஜ் வைத்து மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில், ஒவ்வொன்றிலும் இரண்டு திசைகளில் அளக்கணும். தேய்மானம் மேனுவலில் சொன்ன எல்லையைத் தாண்டியிருந்தால் புது லைனர், அல்லது போர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன். தேய்ந்த சிலிண்டரில் புது ரிங் மட்டும் போட்டால் அது சுவரோடு சரியாகப் படியாது. ஆயில் குடிப்பது தொடரும்.

கிராங்க் ஷாஃப்ட்டின் ஜர்னல்களையும் மைக்ரோமீட்டரில் அளக்கணும். கிரைண்டிங் தேவைப்பட்டால் 0.25 மி.மீ., 0.50 மி.மீ. என்று படிப்படியாகக் குறைத்து, அதற்கேற்ற அண்டர்சைஸ் பேரிங் போடுவது வழக்கம். லேத் பட்டறையில் ஒரு விஷயத்தை மறக்காமல் சொல்லணும்: ஜர்னலின் ஓரத்தில் இருக்கும் வளைவை நேர் மூலையாக வெட்டிவிடக் கூடாது. அந்த மூலையில்தான் அழுத்தம் குவியும், கிராங்க் உடைவதும் பெரும்பாலும் அங்கேதான்.

ஹெட் வளைந்திருக்கிறதா என்று ஸ்ட்ரெய்ட் எட்ஜ், ஃபீலர் கேஜ் வைத்துப் பார்க்கணும். வளைந்திருந்தால் ஃபேசிங் செய்வார்கள். டீசலில் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு. ஹெட்டை அதிகமாகச் சீவினால் வால்வ் பிஸ்டனில் இடிக்கும். எவ்வளவு சீவலாம் என்பதை மேனுவல் பார்த்து முடிவு செய்வதே நல்லது.

பிளாக்கில் உள்ள ஆயில் பாதைகளின் பிளக்குகளைக் கழற்றிச் சுத்தம் செய்வது இன்னொரு முக்கியமான வேலை. போர் செய்தபோது விழுந்த இரும்புத் தூள் அங்கே ஒளிந்திருக்கும். புது பேரிங்கைக் கெடுக்க அந்தத் தூளில் ஒரு சிட்டிகை போதும்.

டியூனிங்: ஸ்க்ரூவைத் திருகினால் பவர் வருமா?

பழைய டீசலில் டியூனிங் என்றால் பெரும்பாலும் ஃபியூயல் பம்ப்தான். 'பம்ப்பைக் கொஞ்சம் ஏத்தி வைங்க' என்றால் ஒவ்வொரு தடவையும் உள்ளே போகும் டீசலின் அளவை அதிகரிப்பது. கொஞ்சம் இழுவை கூடும் என்பது உண்மை. ஆனால் உள்ளே வரும் காற்றின் அளவு மாறவில்லையே? அந்தக் காற்றால் எரிக்க முடிந்த அளவைத் தாண்டிய டீசல், கறுப்புப் புகையாகவும் வெப்பமாகவும்தான் வெளியேறும். அந்த வெப்பம் பிஸ்டனையும் ஹெட்டையும் பதம் பார்க்கும்.

மலையில் இது இன்னும் சிக்கல். சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி, கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத இன்ஜினுக்கு அங்கே கிடைக்கும் ஆக்சிஜனும் அவ்வளவு குறையும். சமவெளியில் கறுப்புப் புகையின் விளிம்பில் டியூன் செய்த பம்ப், மேலே போனதும் புகைக்கூண்டாகிவிடும். நீங்கள் அதிகம் ஓட்டப்போவது மலையில் என்றால், பம்ப்பைக் கூட்டுவதைவிட, கேலிபரேஷன் பெஞ்சில் கம்பெனி அளவுக்குக் கொண்டுவந்து, அதற்கு மேல் போகாமல் இருப்பதே பாதுகாப்பு.

அப்படியானால் எதை டியூன் செய்வது? நான்கு நாசில்களும் ஒரே அழுத்தத்தில் திறக்கணும், டீசலை ஒழுகவிடாமல் புகையாகத் தெளிக்கணும். பம்ப் டைமிங் சரியாக இருக்கணும். முந்தினால் 'டக் டக்' என்று இடிக்கும், பிந்தினால் வெள்ளைப் புகையும் சோம்பலும் வரும். ஐடில் நிதானமாக நிற்கணும். டீசல் பம்ப்பில் உள்ள கவர்னர், பாறையில் ஏறும்போது ஆர்பிஎம் விழுந்தால் தானே கொஞ்சம் டீசலைக் கூட்டிக் கொடுக்கும். ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலே ஜீப் ஊர்ந்து ஏறுவதன் ரகசியம் இதுதான்.

கார்புரேட்டர் ஜிப்ஸிக்கு வேறு பிரச்சனை. வண்டி சாயும்போது ஃப்ளோட் சேம்பரில் பெட்ரோலும் சாய்ந்துவிடும். ஒன்று இன்ஜின் பட்டினி கிடக்கும், அல்லது பெட்ரோல் வழிந்து 'ஃப்ளட்' ஆகும். ஃப்ளோட் மட்டத்தைச் சரியாக வைப்பது ஓரளவு உதவும். எம்பிஎஃப்ஐ ஜிப்ஸியில் இந்தத் தொல்லை இல்லை.

சூடு: மலையில் இன்ஜினின் முதல் எதிரி

பழைய ஜீப்பில் ரேடியேட்டர் ஃபேன் இன்ஜின் பெல்ட்டில் சுற்றும். மெதுவாக ஏறும்போது இன்ஜினுக்குச் சுமை அதிகம், ஆனால் ஆர்பிஎம் குறைவு. ஃபேனும் மெதுவாகத்தான் சுற்றும், எதிர்க்காற்றும் இருக்காது. நெடுஞ்சாலையில் ஒழுங்காக ஓடிய வண்டி மலையில் கொதிப்பது இதனால்தான்.

இன்னொன்று, உயரம் போகப் போகத் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். 2,400 மீட்டரில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் சுமார் 92 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். இந்தக் கொதிநிலையை உயர்த்தி வைப்பது ரேடியேட்டர் மூடிக்குள் இருக்கும் ஸ்பிரிங் வால்வ். மூடி பழுதானால் எவ்வளவு செலவு செய்த இன்ஜினும் கொதிக்கும். எனவே புது மூடி, உள்ளே சுத்தம் செய்த ரேடியேட்டர், உடையாத ஃபேன் கூண்டு, வெறும் தண்ணீருக்குப் பதில் கூலன்ட் ஆகியவை கட்டாயம்.

"தெர்மோஸ்டாட்டைக் கழட்டிட்டா சூடே ஆகாது" என்ற அறிவுரையும் பட்டறைகளில் சகஜம். இதைக் கேட்காதீங்க. தெர்மோஸ்டாட் இல்லாமல் இன்ஜின் தேவையான வெப்பத்துக்கு வர நேரமாகும், தேய்மானம் கூடும். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் கூலன்ட்டின் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் குறுக்கு வழியில் சுற்றி, சூடு இன்னும் கூடிவிடும்.

ஓடையைக் கடக்கும்போது இன்ஜின் நின்றால்..?

காற்று போகும் வழியில் தண்ணீர் புகுந்தால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஸ்நார்கெல் பொருத்துவது இதைத் தடுக்கத்தான். ஆனால் ஏர் ஃபில்டர் முதல் இன்ஜின் வரை எல்லா இணைப்பும் காற்றுப் புகாமல் இருந்தால்தான் அதனால் பயன்.

தண்ணீருக்குள் இன்ஜின் நின்றுவிட்டால், மறுபடி செல்ஃப் அடிக்கவே கூடாது. வண்டியை வெளியே இழுத்து, நாசில் அல்லது ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் ஸ்டார்ட் செய்யணும்.

இன்ஜின் நின்றால் பிரேக்கும் போகும்!

பலர் யோசிக்காத விஷயம் இது. பூஸ்டர் உள்ள டீசல் வண்டிகளில், பிரேக்கை எளிதாக அழுத்த உதவும் வேக்யூமை இன்ஜினால் சுற்றும் வேக்யூம் பம்ப் தருகிறது. செங்குத்து இறக்கத்தில் இன்ஜின் ஆஃப் ஆனால், தேங்கியிருக்கும் வேக்யூம் சில முறை அழுத்துவதற்குள் தீர்ந்துவிடும். அதன்பின் பெடல் கல் மாதிரி ஆகிவிடும். பலம் கொண்ட மட்டும் மிதித்தால்தான் பிடிக்கும்.

ஆகவே ஐடிலில் அடிக்கடி நின்றுபோகும் இன்ஜின் வெறும் தொல்லை மட்டும் கிடையாது, ஆபத்து. இன்ஜின் வேலை செய்யும்போதே வேக்யூம் பம்ப்பையும் அதன் ஹோஸ்களையும் சோதித்துவிடுங்க. இறக்கத்தில் நியூட்ரலில் விடாமல், லோ கியரில் இன்ஜின் பிரேக்கிங்கில் இறங்குவதும் இதே காரணத்துக்காகத்தான்.

டர்போ, வேறு இன்ஜின்: சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, ஆர்சி-யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதில் இருந்து மாறுபடும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது. இதை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. 2019 சட்டத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதி இல்லாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

இருக்கும் இன்ஜினையே அதே அளவில் ரீபில்ட் செய்வது பழுதுபார்ப்புதான், இதில் சிக்கல் இல்லை. ஆனால் பிளாக் உடைந்து பழைய மார்க்கெட்டில் வேறு பிளாக் வாங்கினால், அதில் பொறித்திருக்கும் இன்ஜின் நம்பர் உங்கள் ஆர்சி-யோடு பொருந்தாது. வாங்கும் முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் விசாரித்து, அனுமதி பெற்ற பிறகு மாற்றுங்க. பில்லைப் பத்திரமாக வைங்க. இல்லாவிட்டால் எஃப்சி-யிலும், விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸிலும் மாட்டிக்கொள்வீர்கள்.

டர்போவுக்காக வடிவமைக்கப்படாத பழைய டீசலில் டர்போ மாட்டுவது தொழில்நுட்ப ரீதியாகவும் ரிஸ்க்தான். அதன் கம்ப்ரஷன் ஏற்கெனவே அதிகம். கூடுதல் அழுத்தத்தை முதலில் தாங்க முடியாமல் போவது ஹெட் கேஸ்கெட். அதோடு, பாறை ஏற நமக்குத் தேவைப்படும் குறைந்த ஆர்பிஎம்-இல் டர்போ முழுசாக வேலையும் செய்யாது.

ரீபில்ட் முடிந்ததும் மலைக்குப் போகலாமா?

கூடாது. புது ரிங் சிலிண்டரோடு பழக முதல் சில நூறு கிலோமீட்டர் தேவை. அதுவரை அதிக சுமை வேண்டாம், ஒரே வேகத்திலும் ஓட்ட வேண்டாம், மணிக்கணக்கில் ஐடிலில் நிறுத்தி வைப்பதும் கூடாது. முதல் ஆயிலைச் சீக்கிரமே மாற்றிவிடணும். வடித்த ஆயிலை விரலில் தேய்த்துப் பாருங்க, மினுமினுப்பான தூள் நிறைய இருந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்க. ஹெட் போல்ட்டுகளை மறுபடி முறுக்கணும் என்று மேனுவல் சொன்னால் அதையும் தவறவிடாதீங்க.

டேஷ்போர்டில் வெறும் எச்சரிக்கை விளக்கு மட்டும் இருந்தால், ஆயில் பிரஷருக்கும் டெம்பரேச்சருக்கும் முள் உள்ள மீட்டர் மாட்டுவது நல்லது. விளக்கு எரியும்போது பெரும்பாலும் காரியம் கெட்டிருக்கும். முள் முன்கூட்டியே சொல்லிவிடும்.

மொத்தத்தில்...

கையில் இருக்கும் பணத்தை இந்த வரிசையில் செலவு செய்யுங்க: முதலில் சரியான அளவெடுப்பும் லேத் வேலையும், அடுத்து கூலிங், பிறகு பம்ப், நாசில் கேலிபரேஷன், அதன்பின் பிரேக்கும் வேக்யூமும். இவ்வளவும் முடித்து மீதி இருந்தால் டயருக்குப் போடலாம். பவர் ஏத்துவதற்கு மிச்சம் இருக்காது. அதற்காக வருத்தப்படவும் வேண்டாம், அதிகாலை இருட்டில் அந்தப் பாறைப்பாதையில் நின்றுபோகாமல் ஏறி, சூடேறாமல் திரும்பி வரும் ஜீப்புக்கு அது தேவைப்படுவதே இல்லை.